நின்ற வண்டி மறுநாள்தான் தெரியும்

சென்னையில் வேலை பார்த்த நாட்களில், நான் தயாரிக்கும் அறிக்கைகளை யார் பார்க்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அது ஒரு செருப்புக் கம்பெனி. மாநிலத்துக்கு ஒரு மேலாளர். கேரளத்து மேலாளர் கணினியைத் திறந்தால் கேரளத்து விற்பனை மட்டும் தெரிய வேண்டும். ஆந்திரக்காரர் திறந்தால் ஆந்திரம் மட்டும். பக்கம் என்னவோ ஒன்றுதான். திறக்கிற ஆள் யாரென்று பார்த்து, அவருக்கு உரிய வரிகளை மட்டும் காட்டி மற்றதை மறைக்கிற வடிகட்டியை எழுதுவது என் வேலை. அந்த மேலாளர்கள் எனக்கு வெறும் மின்னஞ்சல் முகவரிகள். ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டதில்லை.

சத்தமெல்லாம் தஞ்சாவூருக்கு வந்த பிறகுதான்.

கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்தது. நானும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அப்போதுதான் நாகப்பட்டினம் சாலையில் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் கணினி தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கணவர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். தகரக் கொட்டகை, அதன் முன்னால் சேறு காய்ந்து அப்பிய மெஷின்கள், ஓர் ஓரத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. அதுதான் அலுவலகம். அந்த அறையில் குளிர்சாதனம் இருந்தது. கதவுதான் சரியாகச் சாத்தாது.

முதலாளி கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். பல வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, ஒரே ஒரு அறுவடை மெஷினோடு தொழிலைத் தொடங்கியவர். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றார்கள். நான் சார் என்றேன். அவருடைய மெஷின் நன்றாக ஓடுவதைப் பார்த்து, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த அவருடைய கூட்டாளிகள் ஆளுக்கொரு மெஷின் வாங்கி அவரிடம் ஓட்டச் சொல்லி விட்டுவிட்டார்கள். அறுக்க ஆள் கிடைக்காமல் டெல்டாவே மெஷினுக்குக் காத்திருந்த காலம். ஊரில் அரிவாள் பிடிக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் துபாயிலும் தோஹாவிலும் இருந்தார்கள். அவர்களே மெஷின் வாங்கியும் விட்டார்கள்.

வாங்கினார்களே தவிர, மனசு நிற்கவில்லை. "நம்ம வண்டி இன்னிக்கு எங்க ஓடுது?" என்று தினமும் போன். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று காலையிலிருந்தே அலுவலகத்தில் வேறு வேலை நடக்காது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"அவங்கவங்க செல்போன்லயே பாத்துக்கிற மாதிரி பண்ண முடியுமாம்மா?"

"பண்ணலாம் சார். வண்டி, ஊரு, எத்தனை ஏக்கர், ஓடுதா நிக்குதா, எல்லாம் ஒரே பக்கத்துல வரும்."

"எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சா வம்புல்ல? அவன் வண்டிக்கு நல்ல வயலு குடுத்தீங்க, என் வண்டிய சேத்துல எறக்குனீங்கன்னு சண்டைக்கு வருவாங்க."

"தெரியாது சார். பக்கம் ஒண்ணுதான். ஆனா யாரு உள்ள வராங்கன்னு பாத்து அவங்க வரிய மட்டும்தான் காட்டும்."

அவருக்கு விருந்துத் தட்டு நினைவுக்கு வந்தது. அவருடைய ஊரில் கல்யாண விருந்தென்றால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பெயர்.

"ஒரே சஹன்ல உக்காந்து அவங்கவங்க பக்கத்துச் சோத்த மட்டும் சாப்புடுற மாதிரி."

"அதேதான் சார்."

"கோழி அந்தப் பக்கம் இருந்தா?"

"இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தக் கோழி கண்ணுக்கே தெரியாது சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

மெஷின் டிரைவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து விவரம் சொல்வார்கள். இங்கே ஒரு பெண் அதைக் கணினியில் ஏற்றுவாள். நான் அதற்கு மேல் பக்கத்தை அமைத்து, எந்த உரிமையாளருக்கு எந்த வண்டி என்று ஒரு அட்டவணை போட்டு, வடிகட்டியை எழுதினேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வேறொரு ஆளாக உள்ளே நுழைந்து பார்க்கும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. காலையில் கொஞ்ச நேரம் தோஹாக்காரராக இருந்தேன். பிறகு மஸ்கட்காரரானேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சிங்கப்பூர்க்காரராகவும் இருந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பினேன்.

உடனே தோஹாவிலிருந்து போன். "என்னங்க, என் வண்டிய காணோம்! யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டானுங்களா?"

வண்டி மன்னார்குடி பக்கத்தில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் அவருடைய பெயரைத் தலைப்பெழுத்து, புள்ளி, இடைவெளி என்று அடித்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் இடைவெளி இல்லை. கணினிக்கு அவர் இரண்டு ஆள். நான் அவராக நுழைந்து பார்த்தபோது சரியாக இருந்ததை, பிறகு ஏற்றிய பெண் தன் வழக்கப்படி மாற்றி அடித்துவிட்டாள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதுகிற இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. பட்டுக்கோட்டைக்கு ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா என்பதை வைத்தே அலுவலகத்தில் ஒரு சாயங்காலம் பேச்சு ஓடியது. கடைசியில் பெயரையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு எண், வண்டிக்கு ஒரு எண் என்று கொடுத்தேன். தோஹாக்காரருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் அமைதியாயின. விவரம் ஏற்றும் பெண் அன்றைக்குப் பூக்கட்டக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

குறுவை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம், நாற்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா அலுவலகத்துக்குள் வந்தார். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர். அவருடைய கணவர் குவைத்தில் டிரைலர் லாரி ஓட்டுகிறார். அவர் வாங்கிய, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி ஒன்று எங்களிடம் ஓடியது. வண்டி கணவர் பெயரில் இருந்தாலும், அந்தப் பக்கம் எந்த வயல் எப்போது பழுக்கும், எந்த வாய்க்காலில் தண்ணீர் வடிந்துவிட்டது, யாரிடம் பேசினால் அடுத்தடுத்து வயல் கிடைக்கும் என்பதெல்லாம் இந்த அக்காவுக்குத்தான் தெரியும். டிரைவருக்குச் சாப்பாடும் அவர் வீட்டிலிருந்துதான் போகும்.

"குவைத்துல எங்க வீட்டுக்காரருக்கு வண்டிய காட்டுறது நீங்கதானா?"

"ஆமாக்கா, உக்காருங்க. ஏதாச்சும் தப்பா வருதா?"

"தப்பா வந்தா பரவால்லையே. சரியா வருது. அதாம்மா பிரச்சனை."

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். இரண்டு நாளைக்கு முன் வண்டி சேற்றில் இறங்கி, பெல்ட் கழன்றுவிட்டது. டிரைவர் வழக்கப்படி எங்களுக்குச் சொல்ல, நாங்களும் மெக்கானிக் அனுப்புவதற்காக உடனே 'நிற்கிறது' என்று ஏற்றிவிட்டோம். என் பக்கத்தில் அது சிவப்பாக வரும். குவைத்தில் இருந்தவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"பாத்தாரா, நேரா டிரைவருக்குப் போன் போட்டாரு. அவன் ஆத்தூரு பக்கத்துப் பையன், நல்ல வேலக்காரன். வண்டிக்கு அடியில படுத்து ஸ்பேனரு போட்டுக்கிட்டு இருக்கான். ஏன் நிக்குதுங்குறாரு. சொல்றான். திருப்பியும் போடுறாரு, இன்னும் ஏன் நிக்குது? திருப்பியும் போடுறாரு. அவன் ஸ்பேனர வரப்புல வச்சிட்டு, 'அக்கா, நான் ஊருக்குப் போறேன்'னு லுங்கிய மடிக்க ஆரம்பிச்சுட்டான்."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, கோழி அடிச்சுக் கொழம்பு வச்சேன். நைசா பேசி உக்கார வச்சேன். சோறு தின்னப்புறம்தான் மறுபடி அடியில படுத்தான். அறுப்பு நேரத்துல வேற டிரைவருக்கு நான் எங்கம்மா போவேன்? ஒவ்வொரு தடவயும் கோழி அடிக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் கேட்டது இதுதான்: வண்டி ஓடுகிற வரியெல்லாம் கணவருக்குத் தெரியட்டும். நிற்கிற வரி மட்டும் அவர் கண்ணில் படக்கூடாது.

அதை எழுதுவது பெரிய வேலையே இல்லை. வடிகட்டியில் இன்னொரு நிபந்தனை, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். சென்னையில் இருந்திருந்தால், மின்னஞ்சலில் வந்த வேலை என்று செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே கை வரவில்லை. வண்டி அந்த மனிதருடையது. அந்தச் சிவப்பு வரியும் அவருடையதுதான். அக்காவை அழைத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "வண்டி யாரு பேர்லம்மா இருக்கு?"

"பேரு அவரு பேருதான் பாய். சேத்துல எறங்குறது நான்" என்றார் அக்கா.

முதலாளி தாடியைத் தடவினார். "நீங்க சொல்றது ஞாயந்தான். ஆனா அவரு நம்மள நம்பி ஒப்படைச்சது. அமானிதம். அவருக்குத் தெரியாம மறைச்சா தப்பாயிடும். அவருகிட்டயே கேட்டுருவோம். கேட்டுட்டு மறைச்சா அது மறைக்கிறதே இல்ல."

"நான் வந்து சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

"வேற யாரு சொன்னான்னு சொல்றது? ஆத்தூரு பையன மாட்டி விடவா?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி, கேளுங்க. திட்டுனா என்னத்தான திட்டுவாரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பேச வேண்டியது யார் என்று நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "நீங்களே பேசுங்கம்மா. நான் பேசுனா வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துருவாரு" என்று நழுவிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் குவைத்துக்குப் போன் போட்டேன். பின்னால் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அவ ஆபீசுக்கே வந்துட்டாளா?"

"ஆமாண்ணே. டிரைவரு போயிடுவாரோன்னு பயந்து வந்தாங்க. உங்க மேல குறை சொல்ல வரல."

பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"இங்க எங்க வண்டியில ஒரு பொட்டி வச்சிருக்கானுங்க மேடம். வண்டி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு ஆபீஸ்ல ஒருத்தன் உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். நின்னா அவனுக்கும் செவப்பாயிடும் போல. போன மாசம் டயரு வெடிச்சி ரோட்டோரமா நிக்கிறேன். வெயிலுன்னா அப்படி வெயிலு. ஜாக்கி போடவா, போன எடுக்கவா? ஏன் நிக்குது, ஏன் நிக்குதுன்னு உசுர எடுக்குறான். போன வச்சிட்டு அவன நான் திட்டுன திட்டு இருக்கே, உங்ககிட்ட சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம்ண்ணே."

"ஆத்தூருத் தம்பியும் என்ன அப்படித்தான் திட்டியிருப்பான், இல்ல?"

"திட்டியிருப்பாருண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு பக்கத்தில் துணி துவைக்கிறவருக்கும் விஷயத்தைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். "அன்னிக்குப் பாக்க வேணாம். மறுநாள் காட்டுங்க. ஆனா காட்டாம மட்டும் விட்றாதீங்க. எம்புட்டு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

அவருடைய எண்ணுக்கு மட்டும் ஒரு நிபந்தனை எழுதினேன். இன்றைய தேதியில் 'நிற்கிறது' என்று வருகிற வரி அவருக்குத் தெரியாது, மறுநாள் தெரியும். குவைத்துக்காரராக நுழைந்து பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அக்காவுக்கும் தனியாக ஒரு நுழைவு கொடுத்தேன். அவருக்கு அன்றைய வரியெல்லாம் அன்றே தெரியும்.

கச்சிதம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. குவைத்துக்காரரே கூப்பிட்டார்.

"மேடம், இன்னிக்கு என் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. அப்ப வண்டி நிக்குது, சரியா?"

ஓடினால் வரி வரும், நின்றால் வராது. வரி இல்லை என்றால் நிற்கிறது என்றுதானே அர்த்தம்! சிவப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். சிவப்பைவிடக் காலி இடம்தான் அவரை அதிகமாக உறுத்தியிருக்கிறது.

"டிரைவருக்குப் போன் பண்ணீங்களாண்ணே?"

"பண்ணல. கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா நீங்க இத சரி பண்ணிருங்க. இப்படியே இருந்தா பண்ணிருவேன்."

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். "அவருக்கு நேத்து வரைக்கும் மட்டும் காட்டிருங்கம்மா. ஓடுனது, நின்னது எல்லாமே நேத்தோட நிக்கட்டும்." அதுதான் சரி. நிற்கிற வரியை மட்டும் பொறுக்கி மறைப்பதை விட்டுவிட்டு, அன்றைய வரிகள் முழுவதையும் மறுநாளுக்குத் தள்ளினேன். நான் எழுதிய நிபந்தனை பாதியாகச் சுருங்கியது. அவரும் அமைதியானார். சாயங்காலம் வீட்டுக்குப் பேசும்போது "இன்னிக்கு எங்க ஓடுச்சு?" என்று அக்காவிடம் கேட்பார். அக்கா தனக்குத் தோன்றியதைச் சொல்வார்.

விஷயம் எப்படியோ மற்ற உரிமையாளர்களுக்கும் பரவியது. அதனால் உரிமையாளர் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'இன்று' அல்லது 'நேற்று' என்று ஒன்றைச் சேர்த்து, யாருக்கு எது வேண்டுமோ அதை அவர்களே சொல்லட்டும் என்று விட்டோம். தோஹாக்காரர் நேற்று போதும் என்றார். முன்பே ஒரு தடவை வண்டியைத் தொலைத்துப் பார்த்தவர். மஸ்கட்டில் ஒருவர் 'வாரம்' என்று ஒன்று இருக்கிறதா என்று விசாரித்தார். சிங்கப்பூர்ப் பெரியவர் மட்டும் ஒரே பிடிவாதம். "எனக்கு எல்லாம் உடனுக்குடனே தெரியணும். டிரைவர் இருமுனாக்கூடத் தெரியணும்" என்றார். அவருடைய டிரைவர் நல்லவேளையாகப் போனையே எடுக்காத ஆள்.

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை தொடங்கியபோது குவைத்துக்காரர் விடுப்பில் வந்தார். அலுவலகத்துக்கு வந்து ஒரு பொட்டலம் பிஸ்தாவை என் மேசையில் வைத்தார். குரலை வைத்து நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, கூச்சமாக, கண்ணாடிக் கதவைச் சரியாகச் சாத்த முயன்றுகொண்டே பேசினார். அவருடைய பக்கத்தை என் கணினியில் காட்டினேன். "இதுவா? செல்போன்ல பெருசா தெரிஞ்சுச்சே" என்றார். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளே ஆத்தூர் டிரைவரிடமிருந்து எனக்குப் போன். அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேடம், ஓனரு நேர்லயே வந்துட்டாரு. வண்டி மேல பக்கத்துலயே ஒக்காந்திருக்காரு. எறங்க மாட்டேங்குறாரு. இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"என்கிட்ட இருக்குறது கம்ப்யூட்டர்ல மறைக்கிறது மட்டுந்தான் தம்பி."

"சரி மேடம். நல்லாதான் பேசுறாரு. பேசிக்கிட்டே இருக்காரு, அதான்."

இரண்டு மூன்று நாள் கழித்து அக்கா கூப்பிட்டார். கட்டர் பக்கம் ஏதோ மாட்டிக்கொண்டு வண்டி நின்றுவிட்டதாம். கணவரும் டிரைவரும் சேர்ந்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்களாம். "ரெண்டு பேரு காலுதாம்மா வெளியில தெரியுது. யாரு காலு எதுன்னு தெரியல. நான் ஏன் நிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்கல. கோழிதான் ஒண்ணு பத்தாது போலருக்கு." இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

விடுப்பு முடிந்து அவர் குவைத்துக்குத் திரும்பினார். 'இன்று' என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். போகிற போக்கில், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எங்களிடம் விட்டிருந்த வண்டிகளையும் தன் மனைவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர்களிடம் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார். அவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்கள்தான். அக்காவைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அக்காவின் எண்ணுக்கு எதிரே இன்னும் இரண்டு வண்டிகளைச் சேர்த்தேன். ஒரு ஆளுக்கு ஒரு வண்டி என்று நான் போட்டிருந்த கணக்கை அதற்காக அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

அதைச் சொல்வதற்காக அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, உங்க பக்கத்துல இப்ப மூணு வண்டியும் தெரியும். பாத்துக்கங்க."

"பாத்தேம்மா. மூணும் ஓடுது" என்றார். பின்னால் மெஷின் சத்தம் பலமாக இருந்தது. "நீ வையி, அப்புறம் பேசுறேன். மேட்டு வயல்ல வண்டி திரும்புது, வரப்ப ஒடச்சிடப் போறான்."